பீரோவைத் திறந்துவிடுங்கள்: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர், முதல்வர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ‘மாணவர் நலன் கருதி’ என்று தொடங்கி, மந்திரம், சூனியம் என்ற புகாருக்காக ஹாரி பாட்டர் புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுப்பதாகச் சொன்ன அந்த நான்கு வரிகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முந்தைய வாரம் குழுவில் என்ன வீடியோ சுற்றியது, யார் யார் அதற்குக் கைகூப்பினார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். நூலகத்திலிருந்த ஹாரி பாட்டர் புத்தகங்கள் ஏழும் இப்போது அலுவலக பீரோவில் இருக்கின்றன. இது தொடர்பாக இரண்டு முறை நேரில் வந்தேன். முதல் முறை முதல்வர் மீட்டிங்கில் இருந்தார். இரண்டாம் முறை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. சரி, நாலு பேர் படிக்கும்படி எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கேட்பது ஒன்றுதான். அந்த ஏழு புத்தகங்களையும் பழையபடி நூலக அலமாரியில் வையுங்கள்.

என் மகள் ஏழாம் வகுப்பு. எங்கள் வீட்டில் ஹாரி பாட்டர் அவள் மட்டும் படிக்கும் கதை இல்லை. என் அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொரு கண்ணுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகிறது. ஆங்கிலம் தெரியாது. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் ஒரு பத்தி படிப்பாள், அதைத் தமிழில் சொல்வாள். இது ஒன்றரை வருடமாக நடக்கிறது. படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அலமாரியில் கதாநாயகப் பையன் ஹாரியைப் படுக்க வைக்கிறார்கள் என்று கேட்டதும் அம்மா, “யாரு அப்படிப் பண்றது?” என்றார். அம்மாவின் அக்கா என்று மகள் சொன்னாள். “பெரியம்மாவா? பெரியம்மான்னா இன்னொரு அம்மாடி. அவ விளங்குவாளா?” என்று அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போதும் திட்டிக்கொண்டிருந்தார். துடைப்பத்தில் ஏறிப் பறக்கிறார்கள் என்றதற்கு, அதைக் காலால் மிதித்தாலே லட்சுமி போய்விடுவாள் என்று கவலைப்பட்டார். டாபி என்கிற வேலைக்காரக் குட்டிப் பூதத்துக்கு ஒரு பழைய காலுறை கிடைத்து, அதனால் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை கிடைத்த அன்று கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஸ்னேப் என்கிற ஆசிரியரை நாங்கள் எல்லோரும் திட்டும்போது அம்மா மட்டும், “எண்ணெய்த் தலையனை நம்பலாம், பாத்துக்கிட்டே இரு” என்று முதல் புத்தகத்திலிருந்து சொல்லிவருகிறார். நான் கதை முழுதும் தெரிந்தவன். வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாவது புத்தகத்தில் 25 அத்தியாயம் முடிந்திருந்தது. பெரிய புத்தகம், இங்கிலாந்துப் பதிப்பில் 766 பக்கம். அடுத்த நாள் நூலக வகுப்பில் உதவியாளர் வந்து, யாரிடமெல்லாம் அந்தப் புத்தகம் இருக்கிறது என்று கேட்டு, பைகளைத் திறக்கச் சொல்லி வாங்கிப்போயிருக்கிறார். எல்லோர் முன்னாலும். வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. பாட்டியிடம் போய், “இன்னிக்குக் கதை கிடையாது பாட்டி, ஸ்கூல்ல தப்பான புக்குன்னு வாங்கிட்டாங்க” என்றாள். அம்மா என்னைப் பார்த்தார். “நான் கேட்டது தப்பாடா?” என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை எழுதியவர் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உங்களில் யாராவது அந்த 26-ஆம் அத்தியாயத்தைப் படித்திருந்தால் இப்போதே சிரித்திருப்பீர்கள். ஹாரி படிக்கும் ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளிக்கு அரசாங்கம் அனுப்பிய அம்பிரிட்ஜ் என்ற அம்மையார், ஒரு பத்திரிகையில் ஹாரியின் பேட்டி வந்ததற்காக அந்தப் பத்திரிகையையே தடை செய்து சுவரில் ஆணை ஒட்டுகிறார். வைத்திருந்தால் பள்ளியை விட்டு நீக்கம். ஹாரியின் தோழி ஹெர்மயனிக்கு ஒரே சந்தோஷம். தடை போட்டாயிற்று, இனி ஒருத்தர் விடாமல் படித்துவிடுவார்கள் என்கிறாள். அப்படியே நடக்கிறது. அந்த அத்தியாயத்துக்குச் சரியாக முன்னால் என் மகளிடமிருந்து புத்தகத்தை வாங்கியிருக்கிறீர்கள். நாவலாசிரியருக்கே இப்படி ஒரு திருப்பம் தோன்றியிருக்காது.

‘வேண்டுமென்றால் கடையில் வாங்கிக் கொடுங்களேன்’ என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். கொஞ்சம் கையைக் கடித்தாலும் நான் வாங்கிவிடுவேன். ஆனால் அந்தப் புத்தகத்துக்கு என் மகளுக்குப் பின்னால் ஒரு வரிசை இருந்தது. பிள்ளைகளே ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர் எழுதி முறை வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் நிற்கிற எல்லா வீட்டிலும் வாங்க முடியுமா? அப்புறம், வாங்கிக் கொடுத்தால் மட்டும் அவள் என்ன நினைப்பாள்? அட்டை போட்டு ஒளித்துவைத்துப் படிக்க வேண்டிய ஒன்று என்றுதானே?

இந்தக் கேள்வி புதிது இல்லை. அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் சீடர்வில் பள்ளி வாரியம், பெற்றோர் கையெழுத்து இருந்தால்தான் ஹாரி பாட்டர் தருவோம் என்று விதி போட்டது. ஒரு மாணவியின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அந்தச் சிறுமிக்கு வீட்டிலேயே புத்தகம் கிடைத்தது. ஆனாலும், மோசமான புத்தகம் என்ற முத்திரையோடு அதை இரவல் வாங்க வேண்டியிருப்பதே பாதிப்புதான் என்று கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, 2003-இல் புத்தகங்களைத் திரும்ப அலமாரியில் வைக்கச் சொன்னது. அந்த நாட்டில் 2000 முதல் 2009 வரை நூலகங்களில் அதிக எதிர்ப்பைச் சந்தித்த புத்தகங்களின் பட்டியலில் முதலிடம் இந்தத் தொடருக்குத்தான் என்று அமெரிக்க நூலகச் சங்கம் சொல்கிறது. ஆக, நீங்கள் தனியாக இல்லை. துணைக்கு ஆட்கள் உண்டு.

மந்திரம், சூனியம் என்பதுதானே புகார்? ஆறு மாதத்துக்கு முன் பள்ளி ஆண்டு விழாவில் விக்கிரமாதித்தன் முதுகில் வேதாளத்தைச் சுமந்துகொண்டு மேடையைச் சுற்றினான், நாம் எல்லோரும் கைதட்டினோம். அந்த வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பப் பறந்துபோனபோது தாளாளர் ஐயா முன்வரிசையில் சிரித்ததை நான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பிரார்த்தனையில் பிள்ளைகள் சொல்கிற கந்த சஷ்டி கவசத்தில் வரும் பேய்களின் வரிசை ஹாக்வார்ட்ஸில்கூடக் கிடையாது. ஒரு பிள்ளையும் பயந்து நான் பார்த்ததில்லை. அம்புலிமாமா படித்து வளர்ந்த நம் தலைமுறையில் எத்தனை பேர் சூனியக்காரர்களாகப் போனோம்? பெரும்பாலும் வங்கிக்கும் ஐ.டி. கம்பெனிக்கும்தான் போனோம்.

இதில் பிள்ளைகளை யாருமே கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்தத் தொடர் உலகத்துக்கு வந்ததே ஒரு குழந்தையின் பேச்சைக் கேட்டதால்தான். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கதையின் முதல் அத்தியாயத்தை ப்ளூம்ஸ்பரி நிறுவனத் தலைவர் தன் எட்டு வயது மகளிடம் கொடுத்தார். படித்துவிட்டு மீதி எங்கே என்று அவள் நச்சரித்தாள். 1997-இல் முதலில் அச்சிட்டது 500 பிரதிகள்தான், அதிலும் 300 நூலகங்களுக்குப் போனதாகச் சொல்வார்கள்.

நம் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லித்தான் இருக்கிறார்கள். அந்த ஐந்தாம் புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்தில் ஒரு கோடு போட்ட தாள் ஒட்டியிருக்கும், பாருங்கள். படித்து முடித்தவர்கள் ஆளுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். ‘அம்பிரிட்ஜைவிட வால்டமார்ட் பரவாயில்லை’ என்று ஒன்று, வால்டமார்ட்தான் கதையின் வில்லன். ‘ஹாரி ரொம்பக் கத்துகிறான், எனக்குப் பிடிக்கவில்லை’ என்று இன்னொன்று. கடைசியில் யார் சாகிறார் என்று ஒரு பிரகஸ்பதி எழுதிவைக்க, இன்னொரு பிள்ளை பச்சை மையால் அதை அடித்து, ‘மற்றவர்கள் படிக்க வேண்டாமா?’ என்று கேட்டிருக்கிறது. தமிழும் ஆங்கிலமும் எழுத்துப் பிழையுமாக இருக்கும் அந்த ஒரு தாள், நீங்கள் கட்டாயம் எழுதச் சொல்லும் புத்தக அறிக்கைகள் நூறுக்குச் சமம். அதையும் சேர்த்துத்தான் பூட்டிவைத்திருக்கிறீர்கள்.

பூட்டு என்றதும் நினைவு வருகிறது. வருடா வருடம் நூலகக் கட்டணம் வாங்குகிறீர்கள். வாரம் ஒரு நூலக வகுப்பு. அரையாண்டு நெருங்கினால் அது கணக்கு வகுப்பு, விளையாட்டு விழா நெருங்கினால் அணிவகுப்புப் பயிற்சி. மிச்சமிருக்கும் நாட்களில் பிள்ளைகள் கையில் பொது அறிவு வினா விடை. வாசலில் மட்டும் ‘வாசிப்பை நேசிப்போம்’ என்று பத்தடிக்குப் பேனர், அதில் புத்தகம் பிடித்திருக்கும் குழந்தை யாரோ வெள்ளைக்காரக் குழந்தை. அதன் கையில் இருப்பது என்ன புத்தகம் என்று விசாரித்தீர்களா?

மன்னிக்கவும். கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன். பணிவாகவே கேட்க வந்தேன்.

உங்கள் கவலையில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. நான்காம் புத்தகத்திலிருந்து கதை இருண்டுவிடுகிறது, சாவு வருகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஏழாவது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனால் நூலகர் அம்மா, இப்போது முதலாவதை எடுத்துக்கொள் என்று சொல்லலாம். அவர் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். ஆசிரியர் ரௌலிங் இப்போது வெளியில் பேசுகிற சில கருத்துகள் எனக்கும் உடன்பாடில்லை, மகள் வளர்ந்ததும் அவளோடு பேசிக்கொள்வேன். புகார் சொன்ன பெற்றோர் தங்கள் பிள்ளைக்கு மட்டும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கட்டும், அது அவர்கள் உரிமை. என் பிள்ளைக்கும் சேர்த்து அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

ஆகவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். ஏழு புத்தகங்களையும் நூலக அலமாரிக்கே அனுப்பிவையுங்கள். சுற்றறிக்கைக்கு மறுப்பு, வருத்தம் எதுவும் வேண்டாம். பீரோ சாவியை நூலகர் அம்மாவிடம் கொடுத்தால் போதும்.

ஒரு சின்ன விண்ணப்பம். ஐந்தாம் புத்தகத்தில் 25-ஆம் அத்தியாயம் முடியும் இடத்தில் ஒரு மயிலிறகு இருக்கும். குட்டி போடும் என்று மகள் வைத்தது. எடுக்கும்போது உதறிவிட வேண்டாம், அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும். அம்மாவுக்கு அங்கிருந்துதான் தொடர வேண்டும்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா