நாட்டுக்கோழி வளர்ப்போர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்திய வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு நம் கோழிகளைக் கொண்டுபோய் ஊசி போட்டு வந்தோம். மற்றபடி ஆண்டு முழுக்க நாம் பேசியது தீவனத்தைப் பற்றித்தான்.

கம்பெனித் தீவனம் கட்டுப்படியாகவில்லை, அரிசியை மட்டும் வீசினால் முட்டை குறைகிறது. பலருக்கும் இதே கவலை. மேய்கிற கோழிக்கு மாவுச்சத்து மிஞ்சின சோற்றிலும் சிந்தின தானியத்திலும் ஓரளவு கிடைத்துவிடும். தட்டுப்பாடெல்லாம் புரதத்துக்கும் சுண்ணாம்புச்சத்துக்கும்தான். ஆகவே கையில் இருக்கிற காசு முதலில் அந்த இரண்டுக்கும் போக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

ஆடி மாதக் கூட்டத்தில் கரும்பலகையில் போட்ட கணக்கைப் பலர் எழுதிக் கேட்டதால் இங்கே தருகிறேன். உடைத்த மக்காச்சோளம் 6 கிலோ, தவிடு 2 கிலோ, கடலைப் புண்ணாக்கு 2 கிலோ. மக்காச்சோளத்தில் புரதம் 100-க்கு 9 பங்கு, தவிட்டில் 12, புண்ணாக்கில் 40 என்று வைத்தால் மொத்தம் 1,580 கிராம். அதாவது சுமார் 16 சதவீதம்; முட்டையிடும் கோழிக்கு அது போதும். சின்னக் குஞ்சுகளுக்கு 20 சதவீதம் வேண்டும், அதனால் அவற்றுக்குப் புண்ணாக்கைக் கூட்டியோ உப்பில்லாத கருவாட்டுத் தூள் சேர்த்தோ கொடுக்கச் சொன்னோம். உப்புக் கருவாடு வேண்டவே வேண்டாம்.

இந்தக் கலவையில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. ஒரு முட்டையின் ஓட்டுக்கு மட்டும் கோழி 2 கிராம் அளவுக்கு அதைச் செலவழிக்கிறது. அதனால் உடைத்த கிளிஞ்சலைத் தீவனத்தோடு கலக்காமல் தனித் தட்டில் வையுங்கள். தேவைப்படும் கோழி தானே கொத்திக்கொள்ளும்.

தண்ணீரில் மிதந்து வளரும் பச்சைத் தீவனமான அசோலாவைப் பற்றியும் கேட்டார்கள். நல்லதுதான், ஆனால் ஒரு கிலோ பச்சை அசோலாவில் 900 கிராமுக்கு மேல் தண்ணீர். தீவனத்தோடு சேர்த்துப் போடலாம், தீவனத்துக்குப் பதிலாகப் போட முடியாது. முருங்கைக்கீரைக்கும் அகத்திக்கும் இதே பேச்சுதான்.

மேலத்தெரு உறுப்பினர் அம்மா ஒருவர் செய்து காட்டிய கரையான் பானை இந்த ஆண்டு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் திணித்துத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் ஓடுகிற இடத்தில் கவிழ்த்து வைத்தார். விடிந்ததும் பானையைத் தூக்கித் தட்டினார். குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுந்து தின்றன. காசு செலவில்லாத புரதம் அது. கரையான் மருந்து ஊற்றிய இடத்தில் மட்டும் பானை வைக்காதீர்கள்.

ஐப்பசி மழையில் கூட்டாக வாங்கிய புண்ணாக்கில் ஒரு மூட்டை பூசணம் பிடித்து வந்தது. வெயிலில் காயவைத்துப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நிர்வாகக் குழு சம்மதிக்கவில்லை. பூசண நஞ்சு வெயிலுக்கும் முழுதாகப் போகாது, வேகவைத்தாலும் போகாது. கோழியின் ஈரலைக் கெடுத்துவிடும். மூட்டையைத் திருப்பி அனுப்பினோம், வியாபாரியும் மாற்றித் தந்தார். இனி மழைக்காலத்தில் 15 நாள் தேவைக்கு மேல் வாங்குவதில்லை, மூட்டைகளைப் பலகை மேல் அடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேலைகள். நம் கலவையின் மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அப்புறம், குஞ்சு வைத்திருக்கும் வீடுகளுக்குக் கூட்டுக் கொள்முதலில் முதலில் பங்கு தர வேண்டும். இரண்டுக்கும் சபையின் ஒப்புதலைக் கோரி இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்