மண் அரித்துக் கொடுத்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

எங்கள் வீதிக்காரர்களுக்கும், மழையில் எங்கள் வீட்டுக் கூரை இறங்கிய அன்றிரவும் அதற்குப் பிந்தைய நாட்களிலும் எங்களோடு நின்ற காரைக்குடி மக்கள் அனைவருக்கும் வணக்கம்.

நேற்று மாலை அப்பா யார் கையையும் பிடிக்காமல் கட்டிலிலிருந்து எழுந்து முற்றத்துத் தூண் வரை நடந்தார். வலது கையில் மாவுக்கட்டு இன்னும் இருக்கிறது. தூணைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டு, "இனி ஊருக்குச் சொல்லலாம்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நடந்ததைத் திரும்ப எழுதப்போவதில்லை. எனக்கு மனம் வரவில்லை, உங்களுக்குத் தேவையுமில்லை. இரண்டாங்கட்டின் ஓடு இறங்கிய சத்தத்தை நீங்களும் கேட்டீர்கள். மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்தவர்கள் நீங்கள்தான்.

கதவுப் பலகையைக் கழற்றி அதில் அப்பாவைக் கிடத்தித் தூக்கிய நான்கு பேருக்கும், முழங்கால் தண்ணீரில் ஆட்டோவைத் தள்ளியே கொண்டுபோன தம்பிக்கும், இரவெல்லாம் பக்கத்தில் நின்ற மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், எங்களுக்குச் சோறு இருக்கிறதா என்று கேட்காமலேயே பன்னிரண்டு நாளும் தூக்குச்சட்டி அனுப்பிய எதிர்வீட்டு ஆச்சிக்கும், "வீட்டைப் பற்றிய கவலை எங்களுடையது, நீ உன் அப்பாவைப் பார்" என்று சென்னையிலிருந்து சொன்ன வீட்டுக்காரருக்கும் என் வணக்கம். உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்குக் கடிதத்தில் நன்றி சொல்லி முடித்துவிட முடியாது.

கடிதத்தில் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. அது சின்னதாகத் தெரியலாம். உங்களில் பலருக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

அப்பாவும் நானும் மூன்று ஆண்டுகளாக, ஓடு இறங்கிய அந்த இரண்டாங்கட்டு அறையின் மேசையில் ஒரு கார் இன்ஜினைச் செய்துகொண்டிருந்தோம். உள்ளங்கையில் அடங்கிவிடும் இன்ஜின். 1969ஆம் ஆண்டு போர்டு மஸ்டாங் காரின் மாதிரி, இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில். ஒட்டிச் சேர்க்கும் துண்டுகளாகப் பெட்டியில் வந்த அந்தச் சின்னக் காரில் சாதாரண இன்ஜின்தான் இருந்தது. எங்களுக்கு வேண்டியது பாஸ் 429. கார் பந்தயத்துக்காக போர்டு நிறுவனம் உருவாக்கிய இன்ஜின் அது. 500 கார்களிலாவது வைத்துப் பொதுமக்களுக்கு விற்றால்தான் பந்தயத்தில் அனுமதி என்று அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் விதி இருந்ததால் அதை மஸ்டாங்கில் வைத்தார்கள். 1969, 1970 என்ற இரண்டே மாடல் ஆண்டுகள். இரண்டும் சேர்த்து 1,400 கார்கள்கூட இல்லை. வேறு பெட்டி வாங்கினால் அந்த இன்ஜின் கிடைத்திருக்குமே என்று கேட்டவர்கள் உண்டு. கிடைத்திருக்கலாம். நாற்பது ஆண்டுகள் லேத் பிடித்த மனிதர் ஓய்வுபெற்று வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த வீட்டில், வாங்குவது ஒரு வழியாக எனக்குத் தோன்றவில்லை.

அச்சில் இருந்த அளவுகளிலிருந்தும் படங்களிலிருந்தும் தொடங்கினோம். அந்த இன்ஜினில் ஒரு சிலிண்டரின் நடுவிலிருந்து அடுத்த சிலிண்டரின் நடுவுக்கு 4.90 அங்குலம். இருபத்தைந்தால் வகுத்தால் ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. அதைக் கணக்குப் போட்ட அன்று அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இன்ஜினின் உடல்பகுதியைப் பிளாஸ்டிக் தகடுகளை அடுக்கி ஒட்டி, ஆத்தங்குடியில் தரைக்கல் அடிக்கும் நண்பர் கொடுத்த கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தினேன். கல்லுக்குப் பளபளப்பைக் கொடுக்கும் அதே கண்ணாடி. அவருக்கும் இங்கேயே நன்றி. பித்தளையில் கடைய வேண்டிய இருபத்து மூன்று உறுப்புகளும் அப்பாவின் கைவேலை. ஸ்பார்க் பிளக் கம்பி உண்மையான காரில் ஏழு மில்லிமீட்டர் தடிமன். எங்களுக்கு வேண்டியது 0.28. நகைப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் செம்புக் கம்பியை அச்சில் திரும்பத் திரும்ப இழுத்து அந்த அளவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

இந்த இன்ஜினில் சிலிண்டர் தலைக்கும் உடலுக்கும் நடுவே, கசிவைத் தடுக்க வழக்கமாக வைக்கும் கேஸ்கட் தகடு கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும், தண்ணீர் வழிக்கும், எண்ணெய் வழிக்கும் தனித்தனி வளையம். மூடிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. "தெரியாவிட்டால் என்ன, இருக்க வேண்டும் அல்லவா" என்று அப்பா எட்டு சிலிண்டருக்கும் எட்டு வளையங்களை, நாலரை மில்லிமீட்டர் அகலத்தில், கம்பியை வளைத்துப் பற்றவைத்து உட்காரவைத்தார். இவற்றையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், மேசைமேல் கூரை இறங்கியபோது போனது என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் அந்தக் கை நுணுக்கமான வேலைக்குத் திரும்புமா என்பதை மருத்துவர் இன்னும் சொல்லவில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்த அப்பா பேசவில்லை. வலிக்கிறதா என்றால் தலையசைப்பார். சாப்பிட்டீர்களா என்றால் தலையசைப்பார். பார்க்க வந்த எல்லோரும் அவற்றையே கேட்டோம். வேறு என்ன கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் என்னைப் பார்த்து, "இன்ஜின்?" என்றார். "போய்விட்டது அப்பா" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வாசலில் ஓர் அம்மா நின்றிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் ஒரு குழிந்த மரத்தட்டு, கையில் சல்லடை. நகைப் பட்டறைத் தெருக்களில் விடியுமுன் மண்ணைக் கூட்டி அள்ளி, தண்ணீரில் அரித்து, அதில் கிடக்கும் பொன் துகளை எடுப்பதே அவருடைய தொழில். கம்பி இழுத்துக் கொடுத்த நண்பர் அவரிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். போகச் சொல்லவில்லை, சொன்னதோடு சரி. அவராகவே வந்துவிட்டார்.

முற்றம் முழுவதும் செம்மண் சேறு. ஓட்டுச் சில்லும் சுண்ணாம்புக் காரையும் கலந்து கிடந்தது. அவர் அதைப் பார்க்குமுன் என்னைக் கேட்டார்: "தம்பி, உங்கள் சாமான் கனமா, லேசா?"

எனக்குப் பதில் வரவில்லை. மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு உறுப்பின் நீள அகலமும் என் நோட்டில் இருக்கிறது. எடை என்ற ஒன்றை நான் யோசித்ததே இல்லை. இரண்டும் இருக்கிறது அக்கா, பித்தளை கனம், பிளாஸ்டிக் லேசு என்றேன். தண்ணீரில் மிதக்குமா என்று கேட்டார். ஒரு துண்டுப் பிளாஸ்டிக் தகட்டைக் குவளைத் தண்ணீரில் போட்டுக் காட்டினேன். மெதுவாக, மனமில்லாததுபோல இறங்கி அடியில் உட்கார்ந்தது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "அப்படியென்றால் லேசானது தண்ணீர் கடைசியாக நின்ற இடத்தில் இருக்கும். கனமானது ஓடாது. மேசை நின்ற இடத்திலேயே மண்ணுக்குள் இறங்கியிருக்கும்" என்றார். அப்படியே இருந்தது.

முதல் நாள் மடைவாயிலிருந்து தொடங்கினார். அவர் தொழிலில் லேசானதைத்தான் வழித்து வெளியே விடுவார்கள். தட்டின் அடியில் தங்குவதே வேண்டியது. எங்களுக்காக அதைத் தலைகீழாகச் செய்தார். வழிந்து போகும் தண்ணீரின் கீழே ஈர வேட்டியை விரித்து, அதில் விழுவதையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். நீலம் பூசிய உடலின் இரண்டு பாதிகள், வால்வு மூடிகள் இரண்டு, கார்புரேட்டரின் மேல்பகுதி எல்லாம் அப்படித்தான் வந்தன. இரண்டாம் நாள் மேசை நின்ற மூலை. தட்டைச் சுழற்றச் சுழற்ற செம்மண் போய், கருமணல் போய், அடியில் பித்தளை மின்னியது. பொன் இல்லை என்று பார்த்த நொடியே அந்தக் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் பொன்னை எடுப்பதுபோலவே, நனைந்த விரல் நுனியில் ஒட்டி எடுத்தார்.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது. எடுத்த உறுப்பை அவர் என்னிடம் தரவில்லை. ஈரக் கையோடு எழுந்து, தாழ்வாரத்தில் கட்டிலில் கிடந்த அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"ஐயா, இது என்ன சாமான்?"

அப்பா பார்த்தார். வெகுநேரம் கழித்து, "டிஸ்ட்ரிபியூட்டர்" என்றார்.

"அது என்ன செய்யும்?"

"எட்டு அறைக்கும் முறை வைத்து நெருப்பைப் பங்கிட்டுக் கொடுக்கும்."

"எந்த முறை?"

"ஒன்று, ஐந்து, நான்கு, இரண்டு, ஆறு, மூன்று, ஏழு, எட்டு."

"கோயிலில் கரைவாரியாக மரியாதை கொடுப்பதுபோலவா?" என்றார் அக்கா.

"அதேதான்" என்று அப்பா சொன்னார். ஏழு நாட்களில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நீளமான பேச்சு அந்த எண்வரிசை. நான் சேற்றில் நின்றுகொண்டு அழுதேன்.

அதன்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் அக்கா எழுந்து போனார். முழங்கால் வலி உள்ளவர் என்பது அவர் எழும்போது தெரிந்தது. இருபது, முப்பது தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் பெயரைக் கேட்டார், வேலையைக் கேட்டார். மரியாதைக்குக் கேட்கிற கேள்வியாக அது இல்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். நிஜ இன்ஜின் எவ்வளவு பெரியது என்றார். ஏழு லிட்டர் என்றார் அப்பா. படிக்கணக்கில் சொல்லுங்கள் என்றார். நாலு படி சொச்சம். "நாலு படியா!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். நம் அளவில் அது அரை மில்லிலிட்டர்கூட இல்லை, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையின் அடியை நனைக்கக் காணாது என்று அப்பா கணக்குச் சொன்னார். அவ்வளவு அகலமான இன்ஜின் காருக்குள் நுழையாததால், அமெரிக்காவில் பிரைட்டன் என்ற ஊரில் கார் கிராஃப்ட் பட்டறையில் முன்சக்கரத்துப் பக்கச் சுவர்களை மாற்றியமைத்துத்தான் உள்ளே இறக்கினார்கள் என்றும், பேட்டரிக்கு இடமில்லாமல் அதைப் பின்னால் டிக்கிக்குக் கொண்டுபோனார்கள் என்றும் சொன்னார். சொல்லும்போது இடது கையைத் தூக்கிக் காற்றில் வரைந்தார்.

வளையம் ஒன்று கிடைத்தபோது அக்கா அதைத் தன் சுண்டுவிரல் நுனியில் மாட்டிக் கொண்டுபோனார். நகத்துக்குக் கீழே இறங்கவில்லை. பற்றவைத்த இடத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொடி வைத்து ஊதிய இடம் தெரியவில்லையே ஐயா, எந்தப் பட்டறையில் கற்றீர்கள்?" என்றார். பட்டறைக்காரர்களின் மண்ணில் நாற்பது ஆண்டுகள் உட்கார்ந்தவர் கேட்ட கேள்வி. தான் ஒரு கைத்தொழில்காரர் என்பதை என் அப்பாவுக்கு நினைவூட்டியது அந்தக் கேள்விதான். நாங்கள் எல்லோரும் அவரை நோயாளியாகவே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்போடுதான் பார்த்தோம், ஆனால் நோயாளியாகத்தான் பார்த்தோம்.

இரண்டு நாள் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டார். கூடுதலாகக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தார். தன் தட்டையும் சல்லடையையும் எங்கள் கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்துவைத்து, காய்ந்ததும் எடுத்துக்கொண்டு போனார். தன் பெயரைக் கடிதத்தில் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அக்கா, நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்று தெரியும். உங்கள் பேத்தி படித்துக் காட்டுவாள். அன்று நீங்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நன்றி.

இப்போது வேலை மறுபடி தொடங்கிவிட்டது. அப்பா சொல்கிறார், என் கை செய்கிறது. என் கடைசல் சுத்தமாக இல்லை, அதை அவர் ஒளிக்காமல் சொல்கிறார். இன்ஜின் முடிந்ததும் காரில் ஏற்றுமுன், யாரும் பார்க்குமுன், அக்கா வீட்டுத் திண்ணைக்கு அதை எடுத்துப்போவேன் என்று உறுதி எடுத்திருக்கிறேன். காரின் பானெட்டை ஒட்டப்போவதும் இல்லை, எப்போதும் திறந்தே இருக்கும்.

இருபத்து மூன்று பித்தளை உறுப்புகளில் இருபத்திரண்டு கிடைத்துவிட்டன. இன்ஜினின் முன்பக்கத்தில் பெல்ட் ஓடும் சக்கரமான கிராங்க் கப்பி மட்டும் இல்லை. ஆறரை மில்லிமீட்டர் அகலம், விளிம்பில் இரண்டு பள்ளக்கோடுகள், நடுவில் ஒரு துளை. கனமானது ஓடாது என்று அக்கா சொல்லியிருப்பதால், அவர் வருவதற்கு முன்பே முதல் நாள் காலை டிராக்டரில் அள்ளிய இடிபாட்டோடு அது போயிருக்க வேண்டும். அந்த மண்ணை வாங்கி வீட்டுப் பள்ளத்தில் கொட்டியவர்கள் இருப்பீர்கள். வெயில் ஏறிய பின் மேல்மண்ணை ஒருமுறை பாருங்கள். மஞ்சளாக ஏதாவது மின்னினால் எடுத்து வையுங்கள். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.