பேருந்துத் தடத்தில் எப்போது நுழையலாம் என்பதைப் பலகையிலேயே எழுதி வையுங்கள்

திருநெல்வேலி மாநகரக் காவல் ஆணையர், மாநகராட்சி ஆணையர் ஆகியோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர்களுக்கு, வணக்கம்.

முருகன்குறிச்சியில் காலை ஒன்பது மணி வாக்கில் டவுண் பஸ் ஓரத்துக்கு வர முடிவதில்லை. நிறுத்தத்தை ஒட்டி ஷேர் ஆட்டோக்களும் பைக்குகளும் நிற்பதால் ஓட்டுநர் நடுச்சாலையிலேயே நிறுத்துகிறார். கூடையோடு இறங்கும் பெண்களுக்கும் நடைபாதைக்கும் இடையிலுள்ள சந்தில் பைக்குகள் பாய்ந்து வருகின்றன. "எம்மா, பைக்கு வருது, பாத்து எறங்குங்க" என்று நடத்துநர் ஒவ்வொருவருக்கும் கத்த வேண்டியிருக்கிறது.

வண்ணார்பேட்டையிலிருந்து பாளை பேருந்து நிலையம் வரையிலான திருவனந்தபுரம் சாலையின் இடது ஓரத்தில் பேருந்துகளுக்கென்று ஒரு தடம் ஒதுக்கித் தர வேண்டும் என்று கேட்டே இதை எழுதுகிறேன். டவுண் ரத வீதிகளில் இது நடவாது என்பதை அறிவேன். அங்கே கேட்கவும் இல்லை. திருவனந்தபுரம் சாலையிலும், அந்தத் தடத்தில் மற்ற வண்டிக்காரர்கள் எந்த நேரத்தில், எதற்காக நுழையலாம் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொன்னால்தான் அது நிலைக்கும்.

தில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 2008-இல் திறக்கப்பட்ட பேருந்துத் தடத்துக்கு எதிரான வழக்கை உயர் நீதிமன்றம் 2012-இல் தள்ளுபடி செய்தும், கார் வைத்திருப்பவர்களின் எதிர்ப்பு ஓயாமல், கடைசியில் அந்தத் தடத்தையே பெயர்த்தெடுத்தார்கள். லண்டனில் 1968-இல் வாக்ஸ்ஹால் பாலத்தில் தொடங்கிய ஏற்பாடோ இன்றும் நிற்கிறது. அங்கே நீலப் பலகையிலேயே நேரம் எழுதியிருக்கும். அந்த நேரம் போக மற்ற வேளைகளில் யார் வேண்டுமானாலும் அந்தத் தடத்தில் ஓட்டலாம், நேரமே எழுதாத பலகை என்றால் நாள் முழுவதும் தடை என்று பொருள். ஓட்டுகிறவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

நமக்கும் காலை 8 முதல் 10 வரை, மாலை 4 முதல் 7 வரை என்று வைத்தால் போதும். பாளையில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் நிறைந்து பஸ்கள் திணறுவது அந்த நேரத்தில்தான். மதியம் கடைகளுக்குச் சரக்கு இறக்குவதற்கும் இரவில் வீடு திரும்புகிறவர்களுக்கும் தடம் திறந்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தடை வேண்டாம்.

தடை உள்ள நேரத்திலும் சில தேவைகளுக்கு இடம் விட வேண்டும். இடது பக்கத் தெருவுக்குத் திரும்புகிறவர் தடத்துக்குள் வராமல் திரும்பவே முடியாது. அந்த இடத்தில் முழுக்கோட்டுக்குப் பதில் இடைவெளி விட்டு வரைந்த கோடு போட வேண்டும். ஆம்புலன்ஸ் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு வழிவிடாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194E பிரிவு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பயந்து தடத்துக்குள் ஒதுங்கியவருக்கே, புகைப்படத்தை மட்டும் பார்த்து இ-சலான் அனுப்பினால், மறுமுறை சைரன் கேட்கும்போது அவர் ஒதுங்கத் தயங்குவார். அபராதம் விதிக்கும் முன் அந்தக் காட்சியை ஒரு காவலர் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இருசக்கர வாகனங்களைப் பொறுத்தவரை என் கருத்து பலருக்குக் கசக்கும். லண்டனின் முக்கியச் சாலைகளில் பல பேருந்துத் தடங்களில் மோட்டார் சைக்கிள்களை அனுமதிக்கிறார்கள். அங்கே அவை குறைவு. இங்கே சாலையில் பெரும்பான்மை பைக்குகளே என்பதால், அவற்றை அனுமதித்தால் தடம் கோடாக மட்டுமே மிஞ்சும். கூடையோடு இறங்கும் பெண்களின் நிலையும் மாறாது. நானும் பைக்கில் போகிறவன்தான். ஐந்து மணி நேரம் தடத்துக்கு வலப்பக்கமாகப் போவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஷேர் ஆட்டோக்களுக்கு மட்டும் நிறுத்தத்தைத் தாண்டி ஆள் ஏற்ற ஓர் இடம் ஒதுக்கித் தர வேண்டும். அது அவர்கள் பிழைப்பு.

ஆனித் தேரோட்டத்தின்போதும் தீபாவளிக்கு முந்தைய நாட்களிலும் போக்குவரத்தை மாற்றிவிடுவது வழக்கம். அந்த நாட்களில் தடை கிடையாது என்பதையும் அதே பலகையில் சேர்த்துவிடுங்கள்.

இதைச் சோதித்துப் பார்க்கச் சட்டத்திலேயே வழியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவின்படி ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை. உள்ளூரில் அறிவிப்புச் செய்தால் போதும். அந்த ஒரு மாதத்தை மே மாதத்தில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விடுமுறையில் சாலை காலியாக இருக்கும், கிடைக்கும் கணக்கும் தவறாகும். பள்ளிகள் திறந்து இரண்டு வாரம் கழித்துத் தொடங்குங்கள். முதல் வாரம் அபராதம் இல்லாமல் காவலர்கள் சொல்லி அனுப்பட்டும்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டைவாசி ஒருவர்