பெட்டியை எங்கே இறக்குகிறோம் என்பதற்கும் ஒரு கணக்கு வேண்டும்

கன்னியாகுமரி மாவட்டத் தேனீ வளர்ப்போர் சங்க நிர்வாகிகளுக்கும், பெட்டி வைக்க இடம் தரும் ரப்பர் தோட்டக்காரர்களுக்கும் வணக்கம்.

அடுத்த ரப்பர் சீசனுக்குப் பெட்டிகளை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே இதைப் பேசி முடிக்க வேண்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன். குலசேகரம், அருமனை, களியல் பக்கம் எந்தத் தோட்டத்தில் யார் எத்தனை பெட்டி இறக்குகிறார் என்பதற்கு, எனக்குத் தெரிந்து, ஒழுங்கான பதிவு எதுவும் இல்லை. வண்டி போய்வர வசதியான தோட்டங்களில் பெட்டிகள் குவிகின்றன. உள்ளே தள்ளி இருக்கிற தோட்டங்களில் ஈ எட்டிப் பார்க்காமலே மது, அதாவது ஈ தேனாக்கும் இனிப்பு நீர், இலையில் காய்ந்து போகிறது.

ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மரம் இலையுதிர்த்து, தை மாசியில் கொழுந்து விட்டு, இலை இளம்பச்சையாக விரியும்போது, மூன்று இலைகளும் காம்பில் சேருகிற இடத்தில் உள்ள சிறு சுரப்பிகளில் மது ஊறும். இலை முற்றினால் அதுவும் நின்றுவிடும். கிடைப்பது சில வாரங்கள்தான், அதற்குள் கொழுந்தில் சாம்பல் நோய் வந்து இலை கொட்டினால் அதுவும் போச்சு.

நம்ம இந்தியத் தேனீ பெரும்பாலும் பெட்டியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள்தான் மேயும். அந்த வட்டம் சுமார் 775 ஏக்கர். அரைக் கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் வந்து பெட்டி இறக்கினால், உங்கள் மேய்ச்சலில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் அவருடைய ஈக்களும் மேயும், அவர் பக்கமும் இதே நிலைதான். இரண்டு கிலோமீட்டர் இடைவெளி விட்டால்தான் வட்டங்கள் பிரியும். இதைப் பார்க்காமல் பெட்டி எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டு போனால், செலவு கூடுமே தவிரத் தேன் கூடாது.

தோட்டத்துக்குள்ளும் இதே பிரச்சினைதான். ஒரே நிறப் பெட்டிகளை ஒரே வரிசையில், வாசல் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க நெருக்கி வைத்தால், மேய்ந்து திரும்பும் ஈ வீடு மாறிப் போகும். வரிசையின் ஓரப் பெட்டிகள் பலத்துவிடும், நடுவில் இருப்பவை இளைத்துவிடும், மது வரத்து குறைகிற நாட்களில் இளைத்த கூட்டத்தைப் பலத்த கூட்டம் கொள்ளையடிக்கும். புணர்ந்து திரும்பும் புது ராணி பக்கத்துப் பெட்டிக்குள் நுழைந்தால் அங்குள்ள ஈக்கள் அதைக் கொன்றுவிடும், சொந்தப் பெட்டி ராணியில்லாமல் கிடக்கும். பெட்டிக்குப் பெட்டி ஆறடியாவது விட்டு, வாசலைத் திசை மாற்றி, முகப்பில் வேறு வேறு நிறம் அடித்தால் இதில் பாதி குறையும்.

நோயையும் மறக்க முடியாது. 1990-களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் சாக்புரூட் வைரஸ் வந்து தென்னிந்தியாவில் பெரும்பாலான இந்தியத் தேனீக் கூட்டங்களை அழித்ததை மூத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். பை போல உப்பிச் செத்த புழுவைக் கண்டதும் அந்தப் பெட்டியை ஒதுக்க வேண்டும், நெருக்கி வைத்த இடத்தில் ஒதுக்குவது எங்கே?

தோட்டக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ரப்பர் நடுவே மகரந்தம் கிடைக்காது, மகரந்தம் இல்லாமல் புழு வளராது. தென்னையும் வாழையும் ஒட்டி இருக்கிற தோட்ட ஓரத்தில், நிழலும் தண்ணீரும் உள்ள இடமாகப் பார்த்துக் கொடுங்கள். சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் தூவும் நாளை முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

சங்கங்களிடம் கேட்பது இதுதான்: கார்த்திகைக்குள் எல்லாச் சங்கமும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வரைபடம் போடுங்கள், யார் எந்தத் தோட்டம், எத்தனை பெட்டி, பக்கத்தில் இறக்கியவர் பெட்டிகளுக்கு எவ்வளவு தூரம் என்று. உள்ளே தள்ளி இருக்கிற தோட்டத்துக்குப் போகிறவருக்கு வண்டிக் கூலியில் ஒரு பங்கைச் சங்கம் ஏற்கட்டும். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, விலை கேட்டு வருகிறவர்கள் வருவார்கள், கொடுக்கத் தேன் வேண்டும். கூட்டத் தேதியை முடிவு செய்யுங்கள், எங்கள் ஊர்ப் பெட்டி விவரத்தை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.