67 ஆண்டுகள் ஆர்கன் கற்பித்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

மேற்கத்திய இசை பற்றிய உங்கள் கட்டுரைகளில் பியானோவும் வயலினும் அடிக்கடி வருகின்றன. குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கவைக்கும் பைப் ஆர்கன் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். அதைக் கற்பித்தவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மர்லின் மேசனையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், ஆல்வா என்ற சிற்றூரில் 1925-இல் பிறந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆர்கன் ஆசிரியர் பால்மர் கிறிஸ்டியனிடம் பயின்று, 1947-இல் அங்கேயே ஆசிரியரானார். ஓய்வு பெற்றது 2014-இல்! இத்தனைக்கும் வகுப்பறையோடு நின்றவரல்ல. உலகெங்கும் சென்று வாசித்தவர். இசையமைப்பாளர் ஷோன்பெர்க் ஆர்கனுக்கு எழுதிய ‘மாறுபாடுகள்’ (ஒரே இசைக்கருவைப் பலவிதமாக மாற்றி அமைக்கும் படைப்பு) என்பதை அவரிடமே வாசித்துக் காட்டிப் பாடம் கேட்டவர்.

என் கணக்கில் அவருடைய பெரிய சாதனை வேறு. தன் காலத்து இசையமைப்பாளர்களைத் தேடிப் பிடித்து, ஆர்கனுக்கென்றே புதிதாக எழுத வைத்தார். அப்படிப் பிறந்த படைப்புகள் எழுபதுக்கும் மேல். தேவாலயத்துப் பழைய இசைக்கு மட்டும்தான் லாயக்கு என்று பலர் ஒதுக்கிய கருவி அது.

பல்கலைக்கழகத்தில் 1985-இல் ஆர்கன் தயாரிக்கும் ஃபிஸ்க் நிறுவனம், ஜெர்மானிய ஆர்கன் தயாரிப்பாளர் சில்பர்மானின் 18-ஆம் நூற்றாண்டுப் பாணியில் அமைத்த ஆர்கனுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2019-இல் காலமானார்.

மேடைக் கலைஞர்களுக்கு ஒதுக்கும் பக்கத்தில், மாதம் ஒருமுறையாவது இத்தகைய ஆசிரியர்களைப் பற்றியும் எழுதக் கூடாதா?

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி