கார் இல்லாதவர்கள் உங்கள் பூங்காவுக்கு எப்படி வருவது?

அனுப்புநர்: ஒரு வாடிக்கையாளர், சூளைமேடு, சென்னை

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, பொழுதுபோக்குப் பூங்கா

பொருள்: ரயில் நிலையத்தில் இருந்து பூங்காவுக்கு வேன் உண்டு என்று நம்பி வந்து, போகவும் வரவும் நாங்கள் பட்ட சிரமம் குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உங்கள் பூங்காவுக்கு வந்திருந்தோம். நான், என் கணவர், பதினொரு வயது மகன், ஏழு வயது மகள், அறுபத்தேழு வயது மாமியார் என்று ஐந்து பேர். பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,200, அத்தைக்கு மூத்த குடிமக்கள் டிக்கெட் 900, பிள்ளைகளுக்கு 950 வீதம் மொத்தம் 5,200 ரூபாய் முன்கூட்டியே கட்டினோம். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன், கணவருக்கு அச்சகத்தில் வேலை. எங்கள் வீட்டில் இது யோசித்து, மூன்று மாதம் சேர்த்து வைத்துச் செய்கிற செலவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூங்காவுக்குள் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தண்ணீர் சுத்தமாக இருந்தது, உடை மாற்றும் அறையும் அப்படியே. ராட்டினங்களில் வேலைக்கு நின்ற பிள்ளைகள் பொறுமையாகப் பெல்ட் மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் ஓட்டினார்கள். என் புகார் உங்கள் வாசலுக்கு வெளியே நடந்ததைப் பற்றியது. வெளியே நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பதில் எழுதிவிடாதீர்கள். வெளியே என்ன இருக்கும் என்று எங்களுக்குச் சொன்னதே நீங்கள்தான்.

எங்களிடம் கார் கிடையாது, ஒரு ஸ்கூட்டர்தான். டிக்கெட் எடுப்பதற்கு முன்பு உங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன். "ரயில் நிலையத்தில் இருந்து 10 நிமிடம்" என்றும், அதற்குக் கீழே "வேன் வசதி உண்டு" என்றும் போட்டிருந்தது. உறுதி செய்துகொள்ளலாம் என்று உங்கள் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். "ஸ்டேஷன்ல நிறைய ஷேர் ஆட்டோ இருக்கும் மேடம், கஷ்டமே இல்ல" என்றார். வேன் எத்தனை மணிக்கு என்று கேட்டதற்கு, "நேர்ல வந்தா சொல்லுவாங்க மேடம். இல்லன்னா கார் வாடகைக்கு எடுத்துக்கலாமே, செல்ஃப் டிரைவ்கூட கிடைக்குதே" என்றார். எங்கள் வீட்டில் யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. டிரைவரோடு ஒரு நாளைக்குக் கேட்டுப் பார்த்தோம், 3,800 ரூபாய் என்றார்கள். அந்தப் பணத்துக்கு இன்னும் மூன்று பேரை உங்கள் பூங்காவுக்கே அழைத்து வந்துவிடலாம்.

சரி, ரயிலிலேயே போவோம் என்று முடிவு செய்தோம். அதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. சென்னை பீச் ஸ்டேஷனில் இருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. பல்லாவரத்தில் பிறந்து வளர்ந்த அத்தைக்கு அந்த வண்டிதான் பள்ளிக்கூடம், கடை, கல்யாணம் எல்லாவற்றுக்கும். காலை ஏழரைக்கு நுங்கம்பாக்கத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினோம். ஞாயிறு என்பதால் உட்கார இடம் கிடைத்தது. பிள்ளைகள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்டேஷன் பெயர்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்கள். மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதைப் பார்த்தார்கள், வண்டலூரில் "இங்கதானே சிங்கம் பார்த்தோம்" என்றாள் மகள். உங்கள் பூங்காவுக்கு இறங்க வேண்டிய சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கியபோது ஒன்பதுகூட ஆகவில்லை. ஐந்து பேருக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் நூறு ரூபாய்க்குள்தான்.

நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வந்ததற்கு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அடுத்த நாலரை கிலோமீட்டருக்கு என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கடிதம்.

ஸ்டேஷனுக்கு வெளியே உங்கள் வேன் இல்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டபோது, "அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோ போகாதும்மா, தனி ஆட்டோதான்" என்றார். ஐந்து பேருக்கு இரண்டு ஆட்டோ வேண்டும். ஆட்டோவுக்கு 250 ரூபாய் கேட்டார்கள், மொத்தம் 500. சென்னை ஆட்டோக்களுக்கு அரசு 2013-ல் நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தக் கணக்கில் நாலரை கிலோமீட்டருக்கு 58 ரூபாய்க்கு மேல் வராது. அது பழைய கணக்கு, இன்றைக்கு அந்தக் காசுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆட்டோ ஓட்டியவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. "திரும்பி வர்றப்ப சவாரியே கிடைக்காதும்மா, காலியாத்தான் வரணும்" என்றார். அது நியாயமான பேச்சு. ஏன் கிடைக்காது என்று சாயங்காலம்தான் எனக்குப் புரிந்தது.

வாசலில் இறங்கியதும் அடுத்த பிரச்சினை. கார்கள் போக இரண்டு தடம், பைக் போக ஒரு தடம், பஸ்ஸுக்கு ஒன்று என்று தனித்தனியாக அம்புக்குறி போட்டிருக்கிறீர்கள். நடந்து வருகிறவர்களுக்கு ஒரு வழியும் இல்லை. காவலாளியிடம் கேட்டோம். "வண்டி வர்ற வழியிலேயே ஓரமா வாங்க" என்றார். காருக்குத் தூக்கி இறக்கும் குறுக்குக் கம்பி அப்போது இறங்கியிருந்தது. முட்டி வலிக்காரரான அத்தை, ஒரு கையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, குனிந்து அந்தக் கம்பிக்குக் கீழே நுழைந்து உள்ளே வந்தார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. 900 ரூபாய் கொடுத்து டிக்கெட் எடுத்த ஒரு மூத்த குடிமகள் உங்கள் பூங்காவுக்குள் நுழைந்த விதம் இது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை.

தகவல் கவுண்டரில் வேனைப் பற்றிக் கேட்டேன். அங்கே இருந்த தம்பி ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். வேன் வசதி குறைந்தது நாற்பது பேர் சேர்ந்து பதிவு செய்யும் பள்ளி, அலுவலகக் குழுக்களுக்கு மட்டும்தானாம். அந்த நிபந்தனை உங்கள் விளம்பரத்தில் எங்கேயும் இல்லை. போனிலும் சொல்லவில்லை.

பகல் நன்றாகப் போனது. மகளுக்கு ஒரே ஒரு வருத்தம். பெரிய ராட்டினத்துக்கு உயரம் 120 சென்டிமீட்டர் வேண்டும், அவளுக்கு இரண்டு விரல் குறைந்தது. அளவுகோல் பக்கத்தில் நுனிக்காலில் நின்று பார்த்தாள், அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே, "அடுத்த வருஷம் வா கண்ணு" என்று சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் ஆறரைக்குப் பூங்கா மூடினீர்கள். ஆறே முக்காலுக்கு வெளியே வந்தோம். கார்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஆட்டோ ஒன்றுகூட இல்லை. போனில் மூன்று செயலிகளில் தேடிப் பார்த்தார் கணவர், மூன்றிலும் அருகில் வண்டி இல்லை என்றே வந்தது. காலையில் ஆட்களை இறக்கிவிட்டுப் போன ஆட்டோக்கள் ஏன் சாயங்காலம் வருவதில்லை என்று விசாரித்தேன். வாசலில் ஆட்டோ நிற்கக் கூடாது என்பது உங்கள் விதி என்று காவலாளி சொன்னார். நிற்க இடம் இல்லாத இடத்துக்கு, சவாரி கிடைக்குமா என்று தெரியாமல், யார் காலி வண்டியோடு நாலரை கிலோமீட்டர் வருவார்? காலையில் அவர் 250 கேட்டதற்கும், சாயங்காலம் நாங்கள் தவித்ததற்கும் காரணம் இந்த ஒரே விதிதான்.

எங்களைப் போலவே இன்னும் இருபது பேருக்கு மேல் அங்கே நின்றார்கள். ஆறு கல்லூரி மாணவர்கள், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, திருவள்ளூரில் இருந்து வந்த ஒரு குடும்பம். இருட்ட ஆரம்பித்ததும் எல்லோரும் நடக்கத் தொடங்கினோம். அந்தச் சாலையில் நடைபாதை கிடையாது, முதல் இரண்டு கிலோமீட்டருக்கு விளக்கும் கிடையாது. சரளைக்கல் ஏற்றிய லாரிகள் வந்தன. ஒவ்வொரு லாரிக்கும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முள்செடிப் பக்கம் ஒதுங்கினோம். ஈரத் துணிப் பை சொட்டிச் சொட்டி என் சேலை ஒரு பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. அத்தை இருபதடிக்கு ஒரு முறை நின்றார். "நீங்க முன்னால போங்க, நான் மெதுவா வரேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த இருட்டில் அவரை எப்படி விட்டுவிட்டுப் போவது?

அப்போதுதான் உங்கள் பூங்காவின் பெயர் எழுதிய வேன் எங்களைத் தாண்டிப் போனது. பணியாளர்களை ரயில் நிலையத்தில் விடுகிற வேன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உள்ளே விளக்கு எரிந்ததால் நன்றாகத் தெரிந்தது, பின்னால் நான்கைந்து இருக்கை காலி. என் மகளை அளந்து பார்த்து அனுப்பிய பெண் ஜன்னலோரம் இருந்தார். எங்களைப் பார்த்து எழுந்து டிரைவரிடம் ஏதோ சொன்னார். வண்டி கொஞ்சம் மெதுவாகியது, பிறகு போய்விட்டது. அவரையோ டிரைவரையோ நான் குறை சொல்லவில்லை. வெளியாட்களை ஏற்றக் கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு இருந்திருக்கும். தயவுசெய்து இந்தக் கடிதத்தை வைத்து அவர்களிடம் விளக்கம் கேட்காதீர்கள். உத்தரவு போட்டவர்களிடம்தான் நான் பேசுகிறேன்.

இரண்டு கிலோமீட்டர் நடந்த பிறகு, யாரையோ இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு ஆட்டோ கிடைத்தது. ஐந்து பேரும் நெருக்கி உட்கார்ந்து, 600 ரூபாய் கொடுத்து ஸ்டேஷன் வந்தோம். செங்கல்பட்டு வழியில் வண்டிகள் தாம்பரம் வழியைப் போல அடுத்தடுத்து வராது, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. வீடு சேர இரவு பத்தேகால் ஆனது. அத்தை அடுத்த நான்கு நாள் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்தார்.

இந்த ஊரில் கார் இல்லாதவர்கள் என்றால் ஏதோ ஒரு சிலர் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் நாங்கள் போகாத இடமில்லை. வண்டலூர் உயிரியல் பூங்கா 1985-ல் இருந்து அங்கே இருக்கிறது, பஸ்ஸில் போனால் வாசலுக்கு எதிரிலேயே இறங்கலாம். 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசே இல்லை. எங்கள் தெருப் பெண்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதன் பிறகுதான் ஊரைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார்கள். 2025-ல் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கும் சென்னை ஒன் செயலியும் வந்துவிட்டது. அரசாங்கம் உங்கள் வாசலுக்கு நாலரை கிலோமீட்டர் முன்பு வரை எங்களைக் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. மிச்சத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

என் கொழுந்தனார் டெம்போ டிராவலர் ஓட்டுகிறார். அவரிடம் கணக்குக் கேட்டேன். போக வர ஒன்பது கிலோமீட்டர், ஒரு நாளைக்குப் பத்து நடை என்றால் தொண்ணூறு கிலோமீட்டர். ஒன்பது, பத்து லிட்டர் டீசலில் முடிந்துவிடும், டீசல் செலவு ஆயிரம் ரூபாய் அளவில்தான் வரும் என்றார். டிரைவர் சம்பளம் தனி. இலவசமாக விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தலைக்கு முப்பது ரூபாய் வாங்குங்கள், சந்தோஷமாகக் கொடுப்போம். காலை ஒன்பதில் இருந்து பதினொன்று வரை ரயில் வருகிற நேரம் பார்த்து சில நடை, சாயங்காலம் மூடிய பிறகு கடைசி ஆள் போகும் வரை சில நடை விட்டால் போதும். அது உடனே முடியாதென்றால், பணியாளர் வேனில் காலியாக இருக்கும் இடங்களையாவது முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் கொடுங்கள். ஆட்டோக்கள் நிற்க வாசலில் பத்தடி இடம் ஒதுக்குங்கள், அதற்கு டீசல்கூட வேண்டாம். அப்புறம் அந்தக் குறுக்குக் கம்பிக்குப் பக்கத்தில் மனிதர்கள் நிமிர்ந்து நடந்து வருகிற அளவுக்கு ஒரு சின்ன கேட்.

விளம்பரத்தை மட்டும் இந்த வாரமே திருத்திவிடுங்கள். வேன் குழுக்களுக்கு மட்டும்தான் என்றால் அதே எழுத்து அளவில் அதைப் போடுங்கள். பத்து நிமிடம் என்பது காரில் என்றால் காரில் என்று போடுங்கள். முக்கியமான நிபந்தனையை மறைத்து விளம்பரம் செய்வது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம். என் வீடு இருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு அங்கே போவேன். அங்கே போக எனக்கு ஆசையில்லை, நீங்களே சரி செய்வீர்கள் என்றுதான் நம்புகிறேன்.

பணம் என்று நான் கேட்பது, வேன் உண்டு என்ற உங்கள் வார்த்தையை நம்பியதால் ஆட்டோவுக்குக் கொடுத்த 1,100 ரூபாயை மட்டும். நுழைவு டிக்கெட் பணம் வேண்டாம், அதற்கான சந்தோஷத்தைப் பிள்ளைகள் அனுபவித்துவிட்டார்கள். நுழைவு டிக்கெட், ரயில் டிக்கெட் நகல்களையும், உங்கள் விளம்பரத்தையும் அந்தக் குறுக்குக் கம்பியையும் எடுத்த படங்களையும் இணைத்திருக்கிறேன்.

என் மகள் வீட்டுச் சுவரில் பென்சிலால் 120 என்று கோடு போட்டு வைத்திருக்கிறாள். அடுத்த கோடைக்குள் அதை எட்டிவிடுவாள். அப்போது அத்தையையும் அழைத்துக்கொண்டு மறுபடி வரவேண்டும் என்று இருக்கிறோம். காலையில் முதல் வேன் ஸ்டேஷனில் இருந்து எத்தனை மணிக்கு, சாயங்காலம் கடைசி வேன் எத்தனை மணிக்கு என்று பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சூளைமேட்டில் இருந்து உங்கள் வாடிக்கையாளர்