பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பராமரிப்புப் பகுதியில், கார் எஞ்சினின் வெளிப்புறத்தில் ஓடும் பெல்ட் குறித்து வெளியான குறிப்பைப் படித்தேன். வெடிப்பு தென்பட்டால் பெல்ட்டை மாற்ற வேண்டும், சத்தம் வந்தாலும் மாற்ற வேண்டும் என்று அதில் சுருக்கமாகச் சொல்லப்பட்டிருந்தது. இரண்டையும் முற்றிலும் தவறென்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த இரண்டு வரிகளை மட்டும் நம்புகிறவர், நல்ல பெல்ட்டைக் கழற்றி எறியவும் தேய்ந்துபோன பெல்ட்டை நல்லதென்று விட்டுவைக்கவும் வாய்ப்பிருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் வெடிப்பு. முன்பு இந்த பெல்ட்டுகள் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரால் செய்யப்பட்டன. அவை வயதானால் குறுக்கே வெடிக்கும், துண்டு துண்டாக உதிரும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். இப்போது வரும் பெல்ட்டுகளில் பெரும்பாலானவை ஈபிடிஎம் என்ற வேறொரு ரப்பரால் ஆனவை. அவை வெப்பத்தை நன்றாகத் தாங்கும். எளிதில் வெடிப்பதும் இல்லை. மாறாக, டயர் தேய்வதைப் போல மெல்ல மெல்லத் தேய்கின்றன. பெல்ட்டின் உட்புறத்தில் நீளவாக்கில் ஓடும் வரிகள் தேயத் தேய, அவற்றுக்கு இடையிலான பள்ளம் அகன்று, வரியின் நுனி, பெல்ட் சுற்றி ஓடும் சக்கரமான புல்லியின் பள்ளத்தின் அடியைத் தொடத் தொடங்கும். வரியின் இரு பக்கச் சரிவுகளும் புல்லியின் பள்ளத்தில் ஆப்பு போல இறுகிப் பிடிப்பதால்தான் பெல்ட் வழுக்காமல் இழுக்கிறது. நுனி அடியைத் தொட்டுவிட்டால் அந்தப் பிடிப்பு போய்விடும். இத்தனையும் நடந்த பிறகும் மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு பெல்ட் புதிது போலவே கறுப்பாக, ஒரு கீறலும் இல்லாமல் தெரியும். பள்ளத்தில் வைத்துப் பார்க்கும் சிறிய பிளாஸ்டிக் அளவி ஒன்று இதற்கென்றே இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் 'பெல்ட் நன்றாக இருக்கிறது' என்று சொல்லும் மெக்கானிக்கின் வார்த்தையை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

அடுத்தது சத்தம். கிரீச்சென்று நீண்டு ஒலிப்பதும், பறவை போலக் கீச் கீச்சென்று விட்டு விட்டு ஒலிப்பதும் ஒன்றல்ல. வண்டியைக் கிளப்பியவுடனோ, ஏசி போட்டவுடனோ, ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும்போதோ நீண்ட கிரீச்சொலி வந்தால், சுமை கூடும் அந்த நேரத்தில் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். கீச்சொலியோ பெரும்பாலும் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாததால் வருவது. எஞ்சின் ஓடும்போது கையையும் உடையையும் எட்டவே வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரிப்பக்கத்தில் சிறிது தண்ணீரைத் தெளித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஒலி சற்று அடங்கிப் பின் திரும்பி வந்தால் புல்லி கோணியிருக்கிறது. ஒலி முன்னைவிடக் கூடினால் இழுவிசை போதவில்லை. புல்லி கோணியிருக்கும் வண்டியில் புது பெல்ட்டைப் போட்டால் சில நாட்கள் அமைதியாக இருந்துவிட்டு மறுபடியும் கத்தத்தான் செய்யும். பெல்ட்டின் மேல் அடிக்கும் பிசுபிசுப்பான ஸ்பிரேக்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: அவை தூசியை இழுத்து ஒட்டவைக்கும், சத்தத்தைக் கொஞ்ச நாள் மறைக்கும், கோளாறை அப்படியே விட்டுவைக்கும்.

அந்தக் குறிப்பில் ஒரு சொல்கூட இடம்பெறாத பாகம் டென்ஷனர். என் கருத்தில் பெல்ட்டைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அதுதான். உள்ளே இருக்கும் சுருள்வில்லின் விசையால் பெல்ட்டை எப்போதும் ஒரே இறுக்கத்தில் வைத்திருப்பதும், எஞ்சினின் துடிப்புகள் பெல்ட்டை உலுக்காமல் தணிப்பதும் அதன் வேலை. பெல்ட் ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் டென்ஷனரும் உழைக்கிறது. வில் தளர்கிறது, தணிப்புப் பகுதி தேய்கிறது, அதன் புல்லியின் பேரிங்கில் கிரீஸ் வற்றுகிறது. எஞ்சின் சும்மா ஓடும்போது டென்ஷனரின் கை லேசாக அதிர்வது இயல்பு. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியுமளவு முன்னும் பின்னும் ஆடினால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது. ஆனால் அந்த ஆட்டத்துக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். பல வண்டிகளில், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் புல்லிக்குள் ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் கிளட்ச் ஒன்று இருக்கிறது. அது இறுகிப்போனாலும் டென்ஷனர் துள்ளும். டென்ஷனரை மாற்றியும் ஆட்டம் நிற்கவில்லையென்றால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

பெல்ட் கழற்றப்பட்டிருக்கும் அந்தச் சில நிமிடங்கள் அரியவை. அப்போதுதான் பெல்ட்டின் பாதையைத் திருப்பிவிடும் ஐட்லர் புல்லி, டென்ஷனர் புல்லி, வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் என ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பார்க்க முடியும். சொரசொரப்போ உரசலோ பக்கவாட்டு ஆட்டமோ இருந்தால் விரல் நுனியிலேயே தெரிந்துவிடும். எஞ்சினின் சுழற்சியை பெல்ட்டுக்குத் தரும் கிராங்க் புல்லியின் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையில் இருக்கும் ரப்பர் பிதுங்கியோ பிரிந்தோ இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். எண்ணெயோ கூலன்ட்டோ பெல்ட்டின் மேல் கசிந்திருந்தால், கசிவை அடைத்த பிறகுதான் புது பெல்ட் ஏற வேண்டும். எண்ணெயில் ஊறி உப்பிய பெல்ட்டின் இடத்தில் இன்னொன்றைப் போட்டு ஊறவைப்பதில் என்ன பயன்?

புதியதை வாங்கும்போது பழையதோடு நீளத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும் போதாது. பெல்ட்டின் முதுகில் 6பிகே1750 என்பது போல அச்சிட்டிருந்தால், 6 என்பது வரிகளின் எண்ணிக்கை, 1750 என்பது மில்லிமீட்டரில் நீளம். டென்ஷனரே இல்லாத சில வண்டிகளில் தானே நீண்டு இறுகும் பெல்ட் இருக்கும். அதை மாட்டத் தனிக் கருவி தேவை, நெம்பி ஏற்றினால் உள்ளிழைகள் அறுந்துவிடும்.

கடைசியாக, அந்தக் குறிப்பில் உண்மையிலேயே ஆபத்தான ஒரு வாசகம் இருந்தது. 'டைமிங் பெல்ட் உள்ளிட்ட எல்லா பெல்ட்டுகளையும் சத்தம் வரும்போது மாற்றலாம்' என்பதே அது. வெளி பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், ஹைட்ராலிக் ஸ்டீயரிங் கனத்துப்போகும், வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட் சுழற்றும் வண்டியில் எஞ்சின் விரைவில் சூடேறும். உடனே ஓரங்கட்டி நிறுத்திவிட்டால் பெரும்பாலும் எஞ்சின் தப்பிவிடும். வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும், மூடிக்குள் ஓடும் டைமிங் பெல்ட் அப்படியல்ல. அது பல நேரங்களில் எந்தச் சத்தமும் இல்லாமலே அறுந்துபோகும். பல எஞ்சின்களில் அந்தக் கணமே பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். தயாரிப்பாளர் கையேட்டில் தந்திருக்கும் கிலோமீட்டர், ஆண்டு ஆகிய இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது அதை மாற்றியாக வேண்டும். வண்டி அதிகம் ஓடாமல் நின்றிருந்தாலும் ஆண்டுக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். மற்றவற்றுக்கு இடமில்லாவிட்டாலும், இந்த ஒரு வாசகத்துக்கான திருத்தத்தையாவது அதே பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்